சுதாவின் திதி

விசுவமடு,
பங்குனி மாதம்.

அன்பு மகன் விதுசனுக்கு,

புளியம்பொக்கணை நாகதம்பிரான் துணையால் நீயும் மருமகளும் அந்தக் குளிருக்குள்ளும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், கோபத்தை ஒரு வருத்தம் என்று எடுத்தால் மட்டும் எனக்குச் சுகமில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி தேனுகா எழுதுகிறாள். என் வாயில் வருகிற மாதிரியே எழுதினால் நீ வாசிக்க மாட்டாய் என்று சொல்லி நல்ல தமிழில் திருத்தி எழுதுகிறாள், கருத்தை மாற்றாதே என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வசனத்தை முடிக்கும் முன்னமே 'அம்மா, உங்களுக்கு உது விளங்காது' என்று மறித்துவிடுகிறாய். கடிதத்தை இடையில் மறிக்க முடியாது, அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். காலபோக வெள்ளாமை வெட்டி முடிந்தது. வெட்டுகிற நேரம் பார்த்து மழை பெய்ததால் நெல் கொஞ்சம் கறுத்துவிட்டது, ஆனாலும் சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்து வைத்தாயிற்று. வேலியோரத் தென்னையை யானை சாய்த்துவிட்டுப் போய்விட்டது. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றவில்லை, ஆறுதலாக இருங்கோ என்று சொன்னால் அவர் கேட்டால்தானே, வெயில் தாழ்ந்ததும் அலவாங்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் போகிறார். எங்கேயாவது மண் நிறம் மாறி இருந்தால் அல்லது புல் ஒரு இடத்தில் மட்டும் செழித்திருந்தால் அங்கே குத்திப் பார்க்கிறார். ஏன் என்று உனக்குத் தெரியும். தேனுகாவுக்கு இன்னும் வேலை நியமனம் வரவில்லை, பல்கலைக்கழகப் பட்டத்தைச் சுவரில் கொழுவிவிட்டுப் புதுக்குடியிருப்புக்குப் பஸ் ஏறிப்போய் ரியூசன் வகுப்பில் படிப்பிக்கிறாள். வீட்டில் கோழியைக்கூடச் சத்தமாகக் கூப்பிடத் தெரியாத பிள்ளை அங்கே எப்படி வாய் திறக்கிறாள் என்று எனக்கு இன்னும் அதிசயம்தான். இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். உன் மூத்த தங்கச்சி சுதாஜினியைக் கொன்றவனைத் தூக்கில் போட வேண்டும் என்று நீ பேஸ்புக்கில் பேசினதையும், உங்கள் ஊர்ச் சங்கத்தின் கனடாக் கிளை அச்சடித்து அனுப்பின பனர்ப் பதாகையையும் பற்றித்தான் இந்தக் கடிதம். நடந்தது எல்லாவற்றையும் நீ அங்கே இருந்து துண்டு துண்டாகத்தான் கேட்டாய். ஒருமுறை முழுதாகச் சொல்லுகிறேன், பொறுமையாகக் கேள்.

சுதா கார்மென்ற்ஸ் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று அவளுடைய புருசன் பிரதீபன் எங்கள் படலையில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுத நாள் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டின மனுசன் அப்படி அழுதால் யார்தான் சந்தேகப்படுவார்கள். வேறு ஊரில் என்றால் சனம் உடனே பொலிசுக்கு ஓடியிருக்கும், இரவு எங்கே நின்றாய், உங்களுக்குள் என்ன சண்டை என்று புருசனைக் கேட்டிருக்கும். எங்களுக்கு ஒரு ஆள் வீட்டுக்கு வரவில்லை என்றால் கை தானாகப் போவது படத்துக்குத்தான். படத்தை எடு, பெரிதாக்கு, நெஞ்சோடு பிடி, றோட்டில் போய் நில். எத்தனை வருசமாக இந்த மண்ணில் பழகின பழக்கம். அவனுக்கு அது தெரிந்திருந்தது. கலியாணப் படத்தில் தன் பக்கத்தை அவனே கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டு அவளுடைய பாதியைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து தந்தான், 'மாமி, ஆரோ பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்' என்றான். நாங்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் நீதி கேட்டு இருக்கிற கொட்டகைக்குப் போய் அவர்களோடு இருந்தோம். அவன் எனக்குப் பக்கத்தில் இருந்தான், படத்தை அவன்தான் பிடித்திருந்தான். வெயில் படுகிறது என்று எனக்குக் குடை பிடித்தான். பிள்ளைகளைத் தேடித் தேடிக் கண் மங்கிப்போன அந்த மனுசிகள் தங்கள் தேத்தண்ணியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்து 'அழாத தம்பி, பலன் கிடைக்கும்' என்றார்கள். அந்தத் தேத்தண்ணியையும் குடித்தான் பாவி. நாங்கள் அங்கே இருந்த கார்த்திகை முழுவதும் இங்கே மழை கொட்டிக்கொண்டு இருந்தது. மழை முடிந்த பிறகு எந்த மண் கிண்டின மண், எது கிண்டாத மண் என்று யார் சொல்ல முடியும். பிறகு அவனுடைய கிணற்றில் அவளுடைய போன் அகப்பட்டதும், லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியின் பலகை இடுக்கில் அவளுடைய இரத்தம் இருந்ததும் உனக்குத் தெரியும். அவ்வளவும் அகப்பட்டது. பிள்ளை மட்டும் அகப்படவில்லை. எங்கே வைத்தான், எந்த நாள் செய்தான் என்று அவன் பொலிசுக்கும் சொல்லவில்லை, கோட்டில் நீதிபதியிடமும் சொல்லவில்லை.

தீர்ப்பு அன்றைக்கு நானும் தேனுகாவும் போயிருந்தோம், அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். எல்லோரையும் எழும்பி நிற்கச் சொன்னார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள், லைற்றை அணைத்தார்கள். சனாதிபதி குறிக்கும் ஒரு நாளில், குறிக்கும் ஒரு இடத்தில் உயிர் பிரியும் வரை தூக்கிலிட வேண்டும் என்று வாசித்துவிட்டுப் பேனையை முறித்தார்கள். பின்னுக்கு நின்ற சனம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும் இரண்டு சொல் காதிலேயே நின்றுவிட்டன. நாள், இடம். அவனுக்கு நாளும் குறிப்பார்கள், இடமும் குறிப்பார்கள். என் பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

திதி தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கோயில் ஐயரிடம் போய்க் கேட்டோம். தர்ப்பையில் உருவம் செய்து அமாவாசையில் கிரியை செய்யலாம், சாத்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றார். பிள்ளை இல்லாதபடியால் செய்கிற உரிமை புருசனுக்கு என்று அவர் சொல்லத் தொடங்க அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். பாவம் ஐயர், வாய் தவறிச் சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்தார். சாத்திரம் சரியாகத்தான் இருக்கும் மகன், நான் அதைப் பிழை சொல்லவில்லை. ஆனால் அது தெரிந்துகொள்ள வழியே இல்லாத சனத்துக்கு. எங்கள் பிள்ளையின் திதி தெரிந்த ஒருவன் உயிரோடு இருந்து மூன்று நேரமும் அரசாங்கச் சோறு தின்கிறான். அவன் இருக்கும்போது நான் ஏன் புல்லில் பிள்ளை செய்ய வேண்டும்? அவன் வாயில் இருந்து அது வர வேண்டும். அதுவரை நான் அவளுடைய படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கும் வைக்கவில்லை, சாமியறைக்கு வெளியே அலுமாரிக்கு மேலேதான் அந்தப் படம் இருக்கிறது.

இப்போது நாடு முழுக்க ஒரே கதை, கொடிய கொலைகாரரைத் திரும்பத் தூக்கில் போட வேண்டுமா வேண்டாமா என்று. நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில்தான் இந்த நாட்டில் கடைசியாக ஒருவரைத் தூக்கில் போட்டார்களாம், தேனுகா வாசித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு தீர்ப்பு மட்டும்தான், கயிறு இல்லை. ரீவியைப் போட்டாலும் அந்தக் கதை, சங்கக் கடையில் சீனி வாங்கப் போனாலும் அந்தக் கதை. சந்தியில் பழைய ரயர்க்கடை அப்புத்துரை அண்ணைக்கு இப்போது கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் பதவியும் கிடைத்திருக்கிறது, கேட்கவே வேண்டாம். 'இயக்கம் இருந்த அந்த நாளெண்டா உவனைச் சந்தியில வைச்சே முடிச்சிருப்பினம், இவ்வளவு காலம் இழுபட்டிருக்காது' என்று போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுகிறார். ஒரு நாள் நான் நின்று கேட்டேன், 'ஓம் அண்ணை, முடிச்சிருப்பினம். பிள்ளையை எங்க வைச்சவன் எண்டு ஆர் அவனிட்டக் கேட்டிருப்பினம்? அந்த நாள் சந்தியில முடிஞ்ச ஆக்களின்ர தாய்மாரிட்ட, உங்கட பிள்ளை என்ன செய்தவன் எண்டாவது ஆரும் வந்து சொன்னவையோ?' என்று. அவருக்கு அப்போதுதான் ஒரு ரயருக்குக் காற்று அடிக்கிற அவசரம் வந்துவிட்டது. மற்றப் பக்கத்தில் கொழும்பில் இருந்து ஒரு நோனா, பெரிய இடத்து அம்மா, வந்தா. தூக்குத் தண்டனை கூடாது என்கிற ஆட்களாம். நல்ல மனுசி, என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்தால் உங்கள் மனப்பாரம் இறங்கும் என்றா. தேனுகா, இதைப் பெரிதாக எழுது. நான் மன்னிக்கவில்லை. எந்தப் பிறவியிலும் மன்னிக்க மாட்டேன். வெசாக் பெருநாளுக்குப் பெருநாள் பொதுமன்னிப்பு என்று தண்டனையைக் குறைத்துக் குறைத்து அவனை ஒரு நாள் வெளியே விட்டார்கள் என்றால் நான் போய்ச் சிறைக் கதவுக்குக் குறுக்கே படுப்பேன். அவன் உள்ளேயே கிழவனாக வேண்டும், பல் விழ வேண்டும். ஆனால் சொல்லாமல் சாகக் கூடாது. இந்தச் சின்ன ஆசையை இரண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. ஒரு பக்கம் கயிறு தருகிறேன் என்கிறது, மறுபக்கம் மன்னிப்புக் கேட்கிறது. நான் கேட்டதை ஒருவரும் தரவில்லை.

இனி நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்லுகிறேன். மார்கழியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போயிருந்தபோது அவனுடைய தாய் விமலேஸ்வரியைக் கண்டேன். பளையில் இருந்து அவாவும் அங்கேதான் மருந்து எடுக்க வருகிறா. என்னைக் கண்டதும் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டா. நான் பேசாமல் வந்திருக்கலாம். போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நீர் அவனைப் பார்க்கப் போகிறனீரோ என்று கேட்டேன். போகிறாவாம், தெற்கில் இருக்கிற அந்தச் சிறைக்கு இரவு பஸ்ஸில் போய், ஒரு கொஞ்ச நேரம் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறாவாம். 'அக்கா, நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேக்கிறன். சாப்பிட்டியோ எண்டு கேக்க முன்னம் அதைத்தான் கேக்கிறன்' என்றா. முந்தியெல்லாம் எழும்பி உள்ளே போய்விடுவானாம். கடைசியாகப் போனபோது அழுதானாம். 'அடுத்த முறை வாங்கோ அம்மா, சொல்லுறன்' என்றானாம். மகன், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் தை மாதம் முழுவதும் சோறு சாப்பிட்டேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, பொய்த்துப் போனால் அந்த மனுசன் தாங்கமாட்டார் என்று.

அந்தத் தை மாதத்தில்தான் நீ அந்த வீடியோவைப் போட்டாய். பின்னுக்குச் சுதாவின் படத்தை வைத்துக்கொண்டு, அவனைத் தூக்கில் போடுகிற அன்றைக்கு நானே ரிக்கற் எடுத்து வந்து கயிற்றை இழுப்பேன் என்று பேசினாய். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கைதட்டிப் போட்டார்கள் என்று போனில் எனக்குச் சொல்லிச் சந்தோசப்பட்டாய். அதைச் சிறைக்குள்ளும் பார்த்திருக்கிறார்கள். மாசியில் விமலேஸ்வரி போனபோது அவன் கண்ணை நிமிர்த்தவே இல்லையாம். 'அவளின்ர அண்ணனே கயிறோட நிக்கிறான். சாகப் போறவன் ஏனம்மா சொல்லோணும்?' என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டானாம். கிளினிக்கில் நம்பர் கூப்பிட்டும் எழும்பாமல் அந்த மனுசி என் காலடியில் இருந்து அழுதா. கொலைகாரனைப் பெற்றவளுக்கு நான் தண்ணிப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது, பார்க்கட்டும். அன்றைக்கே உனக்குப் போன் எடுத்து அந்த வீடியோவை எடுத்துவிடு என்றேன். காரணம் சொல்ல வாய் திறக்கவும்தான் நீ, அம்மா உங்களுக்கு உது விளங்காது, இது எங்கட வீட்டு அலுவல் மட்டும் இல்லை, இனத்தின்ர பிரச்சினை என்றாய். உனக்கு மானம் பெரிது என்று எனக்குத் தெரியும். தங்கச்சியைக் காப்பாற்ற அங்கே இல்லாமல் போய்விட்டேனே என்கிற எரிச்சலும் தெரியும். அந்த எரிச்சலை அவள் தலையில் கொட்டாதே.

போன ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம், கொலை செய்யப்பட்ட பிள்ளையின் தாய் முதல் கையெழுத்து வைக்க வேண்டுமாம். என்னை முன்வரிசையில் இருத்திவிட்டு உங்கள் பனரை விரித்தார்கள்.  கூறைச் சீலையோடு சுதா சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் படத்தின் ஓரத்தில் ஒரு பட்டுச் சால்வையின் கரையும் தோளும் தெரிகிறது. அது யாருடைய தோள் மகன்? அவன் வெட்டித் தந்த அதே படத்தைத்தான் நீங்கள் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். கீழே மலர்வு என்று அவள் பிறந்த திகதி, உதிர்வு என்று ஒரு திகதி.  அப்போது யாரோ 'இந்தத் திகதி ஆர் சொன்னது?' என்று கேட்டது. மெல்லிய குரல், எனக்கே முதலில் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தேனுகா எழும்பி நிற்கிறாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புத்துரை அண்ணை, 'என்ன பிள்ளை, அவ காணாமப் போன திகதிதானே' என்றார். 'ஓம். அவ அண்டைக்குத்தான் காணாமப் போனவ எண்டு சொன்னது அவன். எங்களுக்கு வேற ஆர் சொன்னது? அவன் சொன்ன பொய்யை எங்கட அக்காக்குக் கீழ எழுதி வைச்சுக்கொண்டு எல்லாரும் கையெழுத்து வைக்கப் போறியளோ?' என்றாள்.  இவ்வளவு பேர் இருந்தோம், அப்பா, நான், நீ, கனடாவில் அச்சடித்தவர்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை பார். பின்னுக்கு இருந்த ஒருவன், 'மாமிக்கு இன்னும் மருமோன் பாசம் விடேல்லப் போல' என்று சொல்லிச் சிரித்தான். யார் என்று தெரியும், பெயர் எழுத வேண்டாம் என்கிறாள் தேனுகா. நான் எழும்பிப் போய்ப் பனரைக் கயிற்றோடு அவிழ்த்துச் சுருட்டிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவனிட்ட, பிள்ளையை எங்க வைச்சவன், எண்டைக்குச் செய்தவன் எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ, பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் தேனுகா வேலியைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள், அவ்வளவு பயம் அவளுக்கு. இந்த இடத்தில் பேனையை மூடி வைத்துவிட்டாள், கெஞ்சித்தான் திரும்ப எழுத வைத்திருக்கிறேன்.

நன்றாக யோசித்துப் பார் ராசா. நாளைக்கே நீங்கள் கேட்கிறபடி அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று வைப்போம். எந்த நாள், எத்தனை மணி என்று பேப்பரில் வரும். விமலேஸ்வரி வருசா வருசம் அந்தத் திதிக்குப் பிடி சோறு வைப்பா. கொன்றவனுக்குத் திதி இருக்கும், கொல்லப்பட்ட என் பிள்ளைக்கு இருக்காது. இதைத்தான் நீ நீதி என்று பேசுகிறாயா? நியாயம் கேட்கிற ஆட்கள் முதலில் இதை அல்லவா கேட்க வேண்டும்? அவனோடு சேர்த்து அவளை இரண்டாம் முறை புதைக்க நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

நான் போகப் போகிறேன். வருசப் பிறப்புக்கு முன்னம் விமலேஸ்வரியோடு சேர்ந்து அந்தச் சிறைக்குப் போகிறேன். அனுமதிக்குத் தேனுகா அலைந்து திரிந்து எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவர் எழும்பி அலவாங்கைக் கொண்டுபோய்க் குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். இன்றைக்கு அவர் குளக்கட்டுக்குப் போகவில்லை. விமலேஸ்வரி மகனுக்குப் பலகாரம் கொண்டுபோவா, தாய் மனம் அது. நான் வெறுங்கையோடு போவேன். நல்ல சொல் ஒன்றும் அவனுக்கு என்னிடம் இல்லை. எங்கே, எந்த நாள் என்று மட்டும் கேட்பேன். சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் போய்க் கேட்பேன். அவன் இருக்கும்வரை நானும் இருப்பேன்.

உன்னை நான் அவனுக்கு இரக்கப்படச் சொல்லவில்லை. நீ வெறுத்துக்கொண்டே இரு, நானும் வெறுக்கிறேன். ஆனால் நான் அந்தக் கம்பிக்கு முன்னால் போய் நிற்கும்போது உன் குரல் எனக்கு முன்னமே அங்கே போய் நிற்கக் கூடாது. அந்த வீடியோவை எடுத்துவிடு. பனரை இங்கே நான் மடித்து வைத்திருக்கிறேன், வேறு அச்சடிக்க வேண்டாம் என்று உங்கள் சங்கத்துக்குச் சொல். விடுமுறையைச் செலவழிக்காமல் சேர்த்து வை, கயிறு இழுக்க அல்ல, தங்கச்சிக்குக் கொள்ளி வைக்கவும் கீரிமலைத் தீர்த்தக்கரையில் அந்தியேட்டிக் கிரியை செய்யவும் நீதான் வர வேண்டும், உரிமைக்காரன் இனி நீதான்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மருமகளை இரவு வேலைக்கு விடாதே, இந்த மாதங்களில் அவள் நன்றாகச் சாப்பிட வேண்டும். பெண் பிள்ளை பிறந்தால் சுதாவின் பெயரை வைக்கப் போவதாகச் சொன்னாய், இப்போது வேண்டாம், அவளை வழியனுப்பிவிட்டு வைப்போம். நாகதம்பிரான் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், நீ நல்லாய் இருக்க வேண்டும் என் பிள்ளை.

மறந்துவிடாதே. உன் பேஸ்புக்கில் அவளுடைய படத்துக்குக் கீழேயும் அந்த உதிர்வுத் திகதி கிடக்கிறது. அதை அழித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாய் விடு. நான் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுகிறேன்.

உன்னையும் சுதாவையும் தேனுகாவையும் பெற்ற,
அம்மா
யோகலிங்கம் ஜெகதீஸ்வரி